அவையில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கு:

2025 டிசம்பர் முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு செல்போனிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியைக் கம்பெனியே ஏற்றித் தர வேண்டும், வாங்கியவர் அதை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு, டிசம்பர் 1 அன்று வெளியே தெரிந்தது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. உங்களில் சிலரும் வெளிப்படையாகவே கண்டித்தீர்கள். டிசம்பர் 3 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவரின் போனில் அவர் கேட்காததைத் திணிக்கக் கூடாது என்ற எளிய நியாயம் டெல்லியிலும் எடுபட்டது. மகிழ்ச்சி.

அந்த நியாயத்துக்கு இன்னொரு பாதி உண்டு. கேட்காததைத் திணிப்பது எப்படித் தவறோ, கேட்பதை ஏற்ற விடாமல் தடுப்பதும் அப்படியே. முதலாவதைச் செய்யப் பார்த்தது அரசு என்பதால் ஊரே பேசியது. இரண்டாவதைச் செய்பவை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள், கூகுளும் ஆப்பிளும். அதைப் பற்றி, நான் அறிந்தவரை, உங்கள் அவையில் பேச்சே எழவில்லை. எழ வேண்டும், அதுவும் 2027 பிறப்பதற்குள் எழ வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2027 என்று குறிப்பிடக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செயலி ஏற்ற இன்றைக்கு இரண்டு வழிகள். ஒன்று, கூகுளின் பிளே ஸ்டோர். மற்றொன்று, செயலியை எழுதியவரின் தளத்திலிருந்தோ, நண்பர் அனுப்பிய ஏபிகே கோப்பிலிருந்தோ, வேறொரு செயலிக் கடையிலிருந்தோ நேரடியாக ஏற்றிக்கொள்வது. இரண்டாவது வழியில் போனால் எச்சரிக்கைகள் வரிசையாக வரும். கோப்பை இறக்கும்போதே 'இது தீங்கானதாக இருக்கலாம்' என்று பிரவுசர் சொல்லும். திறந்தால், இந்த இடத்திலிருந்து வருவதை ஏற்றலாமா என்று செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டு வரச் சொல்லும். பிறகு கூகுளின் காவல் நிரல் ஒருமுறை துழாவும். அதற்கும் பிடிக்கவில்லையென்றால் 'வேண்டாம்' என்பது பெரிய எழுத்திலும், 'பரவாயில்லை, ஏற்று' என்பது எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்திலும் இருக்கும். தொல்லைதான். ஆனாலும் அந்தப் பொடி எழுத்து இருக்கிறது. பெரும்பாலும் கடைசி வார்த்தை போன் வைத்திருப்பவருடையது.

2025 ஆகஸ்ட் 25 அன்று கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி எந்த வழியில் வந்தாலும் சரி, செயலியை எழுதியவர் கூகுளிடம் பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள ஆவணம் எல்லாம் கொடுத்துப் பதிந்தவராக இருக்க வேண்டும். பதியாதவரின் செயலியை, பிளே ஸ்டோரோடு விற்கப்படும் போன்கள் ஏற்கா. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடக்கம். மற்ற நாடுகளுக்கு 2027 முதல் படிப்படியாக. அந்த 'மற்ற நாடுகளில்' நாமும் உண்டு. நம் நாட்டு ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை ஒட்டியவை ஆண்ட்ராய்டு என்பதால், நமக்கு இது ஏதோ ஒரு கம்பெனியின் உள்விவகாரமாக இருக்க முடியாது.

உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும், 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. மாணவர்களும் பொழுதுபோக்காக எழுதுபவர்களும் குறைந்த எண்ணிக்கையிலான போன்களில் ஏற்றிப் பார்க்கத் தனிக் கணக்கு தருவதாகவும், விவரம் தெரிந்தவர்கள் பதியாத செயலியையும் ஏற்றிக்கொள்ளத் தனியாக ஒரு வழி அமைப்பதாகவும் சொன்னது. வரவேற்கலாம். ஆனால் அந்த வழியில் எத்தனை படிகள் இருக்க வேண்டும், அது எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது யார்? அவர்களேதான். இன்று கொடுத்ததை நாளை ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் எடுத்துவிடலாம். நோட்டீஸ்கூடத் தேவையில்லை.

பாதுகாப்புக்காக என்கிறது கூகுள். இதைக் கிண்டலாக ஒதுக்க நான் தயாரில்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிவதை யார் கவனிக்கிறார்கள்? தட்டினால் ஏற்ற அனுமதி கேட்கும். கொடுத்தால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி திருடனுக்கும் போய்ச் சேரும். பணம் போனது தெரியுமுன்பே, அதே எண்ணிலிருந்து சொந்தபந்தங்களுக்கெல்லாம் அதே பத்திரிகை போயிருக்கும். போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் தவணை, கட்டாத கரண்ட் பில் என்று வேஷங்கள் மாறும், கோப்பு ஒன்றே. சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் உங்கள் தொகுதி அலுவலக வாசலில் வந்து நின்றவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிளே ஸ்டோரைவிட இணையத்திலிருந்து நேரடியாக ஏற்றும் செயலிகளில் 50 மடங்குக்கு மேல் மால்வேர் இருப்பதாக கூகுள் தன் கணக்கைச் சொல்கிறது. அந்தக் கணக்கோடு நான் சண்டைக்குப் போகவில்லை.

அடுத்த கணக்கு உங்கள் அவையிலேயே வைக்கப்பட்டது. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500-க்கு மேற்பட்ட கடன் செயலிகளையும், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கு மேற்பட்டவற்றையும் கூகுள் நீக்கியது என்று அரசு பதில் சொன்னது. நீக்கியது எங்கிருந்து? பிளே ஸ்டோரிலிருந்து. மூவாயிரம் ரூபாய் கடனுக்கு போனில் உள்ள அத்தனை எண்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தப்பினால் கடன் வாங்கியவரின் படத்தை ஆபாசமாக்கி மாமனார் வீட்டுக்கே அனுப்பிய கும்பல்கள் அந்தக் கடையில்தான் பலகை மாட்டியிருந்தன. வாசலில் காவல் இருந்தும் ஆயிரக்கணக்கில் உள்ளே போயின என்றால், இன்னொரு வாசலையும் அதே காவலிடம் ஒப்படைப்பதுதான் மருந்தா?

திருட்டைத் தடுக்க வேறு மருந்து இல்லாமலில்லை, கூகுளிடமே இருக்கிறது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து ஏற்றிய செயலி திரையைப் படிக்கும் வசதியையும் அறிவிப்புகளைப் படிக்கும் வசதியையும் சுலபமாகக் கேட்டு வாங்க முடியாது. 2024-இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பிறகு இந்தியாவுக்கும் கொண்டுவந்த சோதனைத் திட்டத்தில், பிரவுசர் வழியாகவோ வாட்ஸ்அப் போன்றவை வழியாகவோ வரும் செயலி குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டால் போனே அதை ஏற்றாமல் நிறுத்திவிடும். கல்யாணப் பத்திரிகைத் திருடனின் கையைக் குறிபார்த்துப் பிடிக்கும் ஏற்பாடு இது. திருக்குறள் செயலியோ, ஊர்ப் பேருந்து நேர அட்டவணையோ குறுஞ்செய்தியைப் படிக்கக் கேட்பதில்லை. அவற்றை எழுதியவரும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பது எந்தத் திருடனைப் பிடிக்க? திருடன் வேறு யாருடைய அட்டையையாவது காட்டிவிட்டுப் போவான். சிம் கார்டு விஷயத்தில் நாம் பார்க்காததா?

இட்லிக் கடை வைப்பவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிகிறாரே, செயலி எழுதுபவர் பதிந்தால் என்ன குறைந்துவிடும் என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. இட்லிக் கடைக்காரர் பதிவது, நீங்கள் அமர்ந்திருக்கும் நாடாளுமன்றம் 2006-இல் இயற்றிய சட்டப்படி. பதிவை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீடு உண்டு, அதற்கு மேல் நீதிமன்றம் உண்டு. ஊரிலேயே பெரிய ஓட்டல் வைத்திருப்பவரிடம் போய்ப் பதிந்துகொள், அவர் சரி என்றால் அடுப்பைப் பற்ற வை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூகுள் சொல்வது அதைத்தான். அதுவே செயலிக் கடை நடத்துகிறது. அதுவே வரைபடம், மின்னஞ்சல், காணொளி, பணம் அனுப்பும் செயலி எல்லாம் வைத்திருக்கிறது. போட்டிக்கு வருபவர் அதனிடமே போய் விலாசம் கொடுத்துவிட்டு வர வேண்டும். செயலியை எழுதுவோர் பதிய வேண்டும் என்று இந்த நாடு முடிவு செய்தால், அதை நீங்கள் விவாதித்துச் சட்டமாக்குங்கள். இல்லையென்றால் விடுங்கள். தனியார் கம்பெனி ஒன்று செட்டிங்ஸ் பக்கத்தில் சட்டம் இயற்றும் நிலை நாடாளுமன்றத்துக்கு அழகில்லை.

பதிவதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். பிளே ஸ்டோரில் இப்போதே உள்ள நடைமுறையைப் பாருங்கள். திருச்சியில் ஒரு கல்லூரி மாணவி, தம்பி படிக்கும் பள்ளிக்காக ஒற்றுப்பிழை திருத்தப் பயிற்சி தரும் செயலி ஒன்றை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு திறக்க 25 டாலர், ஒருமுறைதான், சமாளிக்கலாம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் வேறொரு நிபந்தனையும் உண்டு: பொதுமக்களுக்கு விடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள்கள் அதைத் தங்கள் போனில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது. 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை குறைந்தால் கணக்கு சிக்கலாகும். இதற்காகவே வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குழுக்கள் இருக்கின்றன: என் செயலியை நீ வைத்திரு, உன்னுடையதை நான் வைத்திருக்கிறேன். காசுக்கு ஆள் பிடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். சோதனை என்று பெயர். யாரும் எதையும் சோதிப்பதில்லை. காசும் ஆளும் உள்ள மோசடிக் கும்பலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. திணறுவது அந்த மாணவிதான். இன்றைக்கு அவளுக்கு ஒரு மாற்று உண்டு: ஏபிகேயைப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். 2027-க்குப் பிறகு அதற்கும் கூகுள் கணக்கு.

எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 2010 முதல் தன்னார்வலர்கள் நடத்துவது; மூலநிரலைத் திறந்து காட்டும் செயலிகளுக்கு மட்டும் அங்கே இடம். நிரலை வாங்கி, தாங்களே தொகுத்து, பெரும்பாலும் தங்கள் கையொப்பமிட்டுத் தருகிறார்கள். விளம்பரம் இல்லை, வேவு இல்லை, கணக்கு திறக்கச் சொல்வதும் இல்லை. கூகுளின் புதிய விதி அப்படியே நடைமுறைக்கு வந்தால் தங்கள் கடையையே மூட வேண்டிவரும் என்று 2025 செப்டம்பரில் அவர்கள் சொன்னார்கள். காரணம் எளிது. செயலியை எழுதியவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தனிமனிதர்கள். அவர்கள் எல்லோரையும் கூகுளிடம் போய்ப் பதியச் சொல்ல எஃப்-டிராய்டால் முடியாது. அவர்களுடைய செயலிகளைத் தன் பெயரில் பதிந்துகொள்ளவும் அது விரும்பாது. என் பார்வையில், இந்தக் கடையில் கிடைப்பவை பிளே ஸ்டோரில் கிடைக்கும் பாதிச் செயலிகளைவிட யோக்கியமானவை. பாதுகாப்பின் பெயரால் முதலில் அடிபடுவது இதுதான் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

ஐஃபோனைப் பற்றித் தனியாகப் பேச அதிகம் இல்லை. நம் நாட்டில் அதற்கு இரண்டாவது வாசல் எப்போதுமே இருந்ததில்லை. நீங்களே எழுதிய செயலியை உங்கள் சொந்த ஐஃபோனில் ஏற்றினால்கூட, ஆண்டுக்கு 99 டாலர் கட்டாவிட்டால் ஏழு நாளில் காலாவதி. ஆனால் அந்த ஒற்றை வாசலால் தமிழுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஐஃபோன் 2007-இல் வந்தது. வெளியார் செய்த விசைப்பலகையை அதில் ஏற்றலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது 2014-இல், ஐஓஎஸ் 8 வந்தபோது. நடுவே, தமிழ் விசைப்பலகை செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் தமிழில் இரண்டு வரி அனுப்ப வேண்டுமென்றால் தனிச் செயலியைத் திறந்து, அதற்குள் தட்டி, நகலெடுத்து, வெளியே வந்து, செய்திக்குள் போய் ஒட்ட வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டிலோ 2009 முதலே யார் செய்த விசைப்பலகையையும் ஏற்றலாம். தங்கள் மொழிக்குத் தாங்களே செய்த விசைப்பலகையைத் தங்கள் போனில் ஏற்ற ஒரு கம்பெனியின் மனம் இளகும்வரை ஏழு ஆண்டுகள் காத்திருந்த சமூகத்தின் பிரதிநிதிகள் நீங்கள்.

வாசல் ஒன்றே ஒன்று என்றால், அதை மூட விரும்புபவருக்கும் வேலை மிச்சம். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். மத்திய அரசு கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் சொன்னது. இரண்டு வாரத்துக்குள் இரண்டு கடைகளிலிருந்தும் காணாமல் போனது. ஏப்ரல் 24 அன்று நீதிமன்றமே தடையை நீக்கியது, திரும்பி வந்தது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அது மறுபடி போய், இன்றுவரை வரவில்லை. டிக்டாக் மீது எனக்குப் பாசம் எதுவும் கிடையாது. அந்த வழக்கில் நீதிமன்றம் இருந்தது, வாதம் இருந்தது, மூன்று வாரத்தில் மறுபரிசீலனையும் இருந்தது. எல்லா ஊரிலும் அப்படி நடப்பதில்லை. 2019 அக்டோபரில், ஹாங்காங் போராட்டக்காரர்கள் போலீஸ் நடமாட்டத்தைப் பார்க்கப் பயன்படுத்திய வரைபடச் செயலியை ஆப்பிள் நீக்கியது. 2021 செப்டம்பரில், ரஷ்யத் தேர்தல் தொடங்கும் நாளில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் ஆதரவாளர்களுடைய வாக்களிப்பு வழிகாட்டிச் செயலியை ஆப்பிளும் கூகுளும் சேர்ந்தே எடுத்தன. சர்வாதிகார நாடுகளின் கதை என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபரில், குடியேற்றத் துறை அதிகாரிகள் எங்கே இருக்கிறார்கள் என்று மக்கள் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் செயலியை, அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதும் ஆப்பிள் தூக்கியது. ஹாங்காங்கிலும் மாஸ்கோவிலும் ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்களுக்காவது ஏபிகே என்ற மாற்று இருந்தது. ஐஃபோன்காரர்களுக்கு அதுவும் இல்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாக் கட்சிகளுக்கும் இந்த வித்தியாசம் புரியும். ஆளும்கட்சியாக இருக்கும்போதும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தின் கதை சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததே. 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ் உட்படச் சுமார் பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை, செயலிக்குள் நடக்கும் விற்பனைக்குக் கேட்ட கட்டணத்தைக் கட்டவில்லை என்று பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கியது. அதற்கு முன் அந்த நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றப் படியேறியும் பலன் இல்லை. உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தரவில்லை. மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். சில நாள்களில் செயலிகள் திரும்பி வந்தன. எனக்கு இதில் உறுத்துவது அந்தக் கட்டணம் 11 சதவீதமா 26 சதவீதமா என்பதன்று. அவர்கள் பெரிய கம்பெனிகள், அமைச்சர் பேசினார். அதே நாளில் ஈரோட்டில் ஒருவர் எழுதிய மஞ்சள் விலைச் செயலி நீக்கப்பட்டிருந்தால், அவருக்குக் கிடைப்பது கணினி அனுப்பும் ஒரு வரி மின்னஞ்சல். எந்த விதியை மீறினார் என்பதுகூட அதில் தெளிவாக இருக்காது.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். நான் கேட்கும் உரிமை இந்தியர்களுக்கு ஒருமுறை கைக்கு எட்டியிருந்தது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத் தொகையை எல்லாப் பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டன. கூடவே பத்து உத்தரவுகள் இருந்தன. அவற்றில் ஒன்று, செயலியை எழுதுபவர்கள் அதை நேரடியாக மக்களுக்கு வழங்குவதை கூகுள் எவ்விதத்திலும் தடுக்கக் கூடாது என்றது. இன்னொன்று, வேறு செயலிக் கடைகளையும் பிளே ஸ்டோர் வழியாகவே மக்கள் பெற விட வேண்டும் என்றது. 2023 மார்ச் 29 அன்று தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நான்கு உத்தரவுகளை நீக்கியது. நீங்கிய நான்கில் மேலே சொன்ன இரண்டும் அடக்கம். இரு தரப்பும் உச்ச நீதிமன்றம் போயின. அபராதம் நின்றது, உரிமை போனது. அபராதம் நின்றதைத்தான் வெற்றி என்று கொண்டாடினோம்.

2024 மார்ச்சில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவை வெளியிட்டது. அதில் இதே உரிமைக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது: பெரிய டிஜிட்டல் நிறுவனங்கள், பயனர்கள் வெளியார் செயலிகளை இறக்குவதையும் ஏற்றுவதையும் இயக்குவதையும் தடுக்கக் கூடாது. நல்ல பிரிவு. ஆனால் அந்த வரைவு செயலி, தேடல், விளம்பரம், இணைய வணிகம் என்று எல்லாவற்றையும் ஒரே வலையில் பிடிக்கப் பார்த்தது. இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல் என்பது போன்ற அளவுகோல்களைக் கண்டதும், நாளை நாமும் மாட்டுவோமோ என்று உள்ளூர் நிறுவனங்களே பயந்தன. வரைவு இன்னும் சட்டமாகவில்லை.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2024 ஜூனில் செல்போன் மென்பொருளுக்கு மட்டும் தனிச் சட்டம் இயற்றியது: இயக்குதளம், செயலிக் கடை, பிரவுசர், தேடுபொறி, அவ்வளவுதான். 2025 டிசம்பர் 18 முதல் அது முழு நடைமுறையில் இருக்கிறது. ஆப்பிளும் அங்கே வேறு செயலிக் கடைகளுக்கு வழி விட வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலேயே விட்டது, முணுமுணுத்துக்கொண்டே, ஆயிரம் நிபந்தனைகளோடு. 140 கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு அது ஏன் வாய்க்கவில்லை? பெரிய மசோதாவுக்காகக் காத்திருக்காமல், நம் வரைவில் உள்ள வெளியார் செயலிகள் பற்றிய அந்த ஒரு பிரிவை மட்டும் தனியே எடுத்துச் சட்டமாக்குங்கள் என்பது என் யோசனை. எச்சரிக்கை செய்யலாம், சோதிக்கலாம், குறுஞ்செய்தி அனுமதி கேட்பதை நிறுத்தலாம். இவை எல்லாவற்றுக்கும் பிறகும் 'ஏற்று' என்று சொல்லும் உரிமை போனின் உரிமையாளரிடம் இருக்க வேண்டும். நாலு வரிச் சட்டம். தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தாலும் சரி.

அரசே ஒரு செயலிக் கடை நடத்துவது உங்களுக்குத் தெரியுமா? மொபைல் சேவா என்று பெயர். மத்திய, மாநில அரசுத் துறைகளின் செயலிகளுக்காக மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்துவது. புழக்கம் குறைவுதான், அது வேறு விஷயம். புதிய விதி வந்தால் அங்கே செயலி வைக்கும் அரசுத் துறையும் கூகுளிடம் பதிய வேண்டிவரும். மீன்வளத் துறை தன் மீனவருக்குத் தரும் செயலிக்கு அமெரிக்கக் கம்பெனியில் பதிவெண் வாங்க வேண்டும் என்றால், மாநில உரிமை பேசும் நம் ஊரில் அதற்கு ஒரு கேள்விகூட எழாதா?

கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், குலுக்கலில் வேறு வர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாற்பது மக்களவை உறுப்பினர்களும் மாநிலங்களவைக்குப் போனவர்களும் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஒன்றாவது வராமல் போகாது. உங்கள் உதவியாளருக்கு வேலை வைக்காமல், அவை நடைமுறையில் கேட்கும் விதத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்:

கம்பெனி விவகாரத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) ஆண்ட்ராய்டு செல்போன்களில் கூகுளிடம் பதியாதவர்கள் எழுதிய செயலிகளை ஏற்றுவதற்கான கட்டுப்பாடு இந்தியாவில் எப்போது நடைமுறைக்கு வரும் என்று அந்நிறுவனம் அரசுக்குத் தெரிவித்துள்ளதா, (ஆ) அப்படியாயின், மொபைல் சேவா தளத்தில் உள்ள அரசுச் செயலிகளும் அக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவையா, (இ) இக்கட்டுப்பாடு குறித்துப் போட்டி ஆணையம் தானாக முன்வந்து விசாரணை தொடங்கியுள்ளதா, இல்லையெனில் காரணம் என்ன, (ஈ) 2024 மார்ச் மாத வரைவில் உள்ள வெளியார் செயலிகள் பற்றிய பிரிவைத் தனிச் சட்டமாகக் கொண்டுவரும் எண்ணம் அரசுக்கு உண்டா, (உ) உண்டெனில், எப்போது?


உங்கள் தொகுதிகளில் ஒன்றின் வாக்காளன்